மாமா ஏறினாலும் உரசாத டயர்

ரத்தோட்டைப் பக்கம் தங்கையின் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்துவிட்டு உக்குவளைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் என் கார் முதன்முதலாகக் கத்தியது. ஒரு வளைவில் திரும்பும்போது இடது பின்சக்கரத்துப் பக்கமிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தகரத்தில் யாரோ தேங்காய் துருவுவதைப் போல இருந்தது. நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், பக்கத்தில் அம்மா. பின்னால் நடுவில் என் தங்கை, ஒரு பக்கம் அத்தை, இடது ஜன்னலோரத்தில் மாமா. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். உக்குவளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைச் சோற்றுக்கு வேறு விளம்பரம் தேவையில்லை, முதலாளியைப் பார்த்தாலே போதும் என்பார்கள். அவ்வளவு பெரிய உடம்பு.

அடுத்த வளைவிலும் கத்தியது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது இன்னும் பலமாகக் கத்தியது.

"என்ன புள்ள, வண்டி அழுவுது?" என்றார் மாமா.

"டயர் லேசா மட்காட்ல உரசுது மாமா. பின்னால கொஞ்சம் பாரம் கூடிப்போச்சு."

பாரம் என்ற சொல்லை நான் எடுத்திருக்கக் கூடாது. மாமாவிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், அவருடைய எடையைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. வீடு வந்ததும் அவர்தான் முதலில் கதவைத் திறந்தார். இறங்கியதும் முற்றத்தில் நின்றுகொண்டு, கல்யாணத்தன்று பெண்ணைக் கோவிலுக்குக் கூட்டிப்போக ஒரு வேன் பேசப்போவதாக அறிவித்தார். கல்யாணப் பெண் ஏறிப்போகிற வண்டி வழியெல்லாம் அழுதுகொண்டு போனால் அது என்ன சகுனம் என்று எல்லோரையும் பொதுவாகக் கேட்டார்.

தங்கை செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நான் அக்கா கார்லதான் போவேன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. லீவு கிடைக்கிற நாளில் பஸ்ஸில் வராதே என்று சொல்லிவிட்டு நானே போய்க் கூட்டி வருவேன். போகும்போது நான் தனியாக, வரும்போது நாங்கள் இருவர். வெள்ளைக்காரர்கள் கேட்ட கேள்விகளையெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பாள். மனேஜர் திட்டிய நாளில் தம்புள்ளை தாண்டும்வரை அழுதுகொண்டே வருவாள். இப்போது கட்டிக்கொள்ளப்போகிற பையனைப் பற்றி அவள் முதன்முதலில் வாய் திறந்ததும் அந்தக் காருக்குள்தான். அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே என் ஸ்டியரிங்குக்குத் தெரியும். அதனால் அந்தக் காரில்தான் அவள் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை.

மாமா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"சரி, அக்கா கார்லயே போ. ஆனா வேன் பின்னால வரும். ஒருவாட்டி அந்தச் சத்தம் கேட்டுச்சோ, அந்த எடத்துலயே வண்டிய நிப்பாட்டி உன்ன எறக்கி வேன்ல ஏத்திருவேன். வெளங்குதா?"

எங்கள் வீட்டில் பெண்ணைக் கோவிலுக்கு அழைத்துப் போகிற உரிமை தாய்மாமனுடையது. அவர்தான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும், அவர்தான் முதலில் இறங்கி அவள் கையைப் பிடித்து இறக்க வேண்டும். அதோடு தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்த நல்லது கெட்டதற்கும் முன்னால் நின்றவர் மாமாதான். அவர் சொன்னால் சொன்னதுதான். கூறைப்புடவையும் மாலையுமாக என் தங்கை நடுத்தெருவில் ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இனி என் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மாத்தளை டவுனில் கார் ஓட்டப் பழக்குகிறவள். காலையிலிருந்து பின்னேரம்வரை எல் போர்டு மாட்டிய காரில் உட்கார்ந்து, பிரேக் எது கிளச் எது என்று மற்றவர்களுக்குக் கத்திக்கொண்டிருப்பது என் பிழைப்பு. சொந்தக் காரை வாங்கியபோது அதையாவது என் ஆசைக்கு வைத்துக்கொள்ள நினைத்தேன். நான்கு கதவு வைத்த பழைய ஜப்பான் கார். அதன் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் கட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரை ரோட்டுக்குப் பக்கத்தில் இறக்கினேன். சின்ன ரிம்முக்குப் பதிலாகப் பதினைந்து அங்குல அலோய் ரிம் போட்டேன். ஏன் என்று கேட்டவர்கள் நிறைய. அழகாக இருக்கிறது என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் கிடையாது, அந்தக் காரணம் எனக்குப் போதும்.

பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்ட உறவினர்களே, தங்கைக்கு முன்னால் அக்காவுக்கல்லவா முடித்திருக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் நான் ஒரே முறைப்பைத்தான் பதிலாக வைத்திருந்தேன்.

ஆனால் அந்தக் காரை இறக்கியபோது நான் ஒரு பெரிய முட்டாள்தனம் செய்திருந்தேன். போனில் பார்க்கிற படங்களிலெல்லாம் இறக்கிய காரில் ஒரு பையன் மட்டும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நானும் என்னை மட்டும் உட்கார வைத்துத்தான் டயர் தேர்ந்தெடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு கார் கிளம்பினால் அதில் இருக்கிற இடமெல்லாம் நிறையும், நிறைந்த பிறகு பின்பெட்டியில் ஒரு பலாப்பழம் ஏறும். இது தெரியாதவள் போல நான் தனியாகவே ஓட்டி, தனியாகவே சந்தோஷப்பட்டேன். தங்கை ஏறினாலும் உரசவில்லை, அவள் என்னைவிட ஒல்லி. அன்றைக்கு மாமா ஏறிய பிறகுதான் என் டயருக்கும் அதைச் சுற்றி வளைந்த தகரமான மட்காட்டுக்கும் நடுவில் இருந்த இடம் எவ்வளவு என்று எனக்கே தெரிந்தது.

எங்கே உரசுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டயர் உரசுவதென்றால் மூன்று இடங்களில் உரசலாம். உள்பக்கம் ஸ்பிரிங்கில் முட்டலாம், மேலே கூரைபோல வளைந்த தகரத்தில் முட்டலாம், வெளிப்பக்கம் மட்காட்டின் விளிம்பில் முட்டலாம். ஓட்டிக்கொண்டிருக்கிறபோது குனிந்து பார்க்க முடியாது. அத்தை வெற்றிலை போடுகிறவர். அவருடைய சுண்ணாம்பு டப்பாவை வாங்கி, மட்காட்டின் உள்பக்கமும் விளிம்பும் முழுக்கச் சுண்ணாம்பைப் பூசினேன். ஓடி வந்த பிறகு சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் டயர் தொட்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி பாரம் ஏற்ற வேண்டும். மாமாவைக் கேட்க முடியாது, அவர் எடை எவ்வளவென்று கேட்கவே முடியாது. தங்கை லீவில் வந்திருந்த ஒரு நாளில், மாமா கடையில் இருக்கிற நேரம் பார்த்து அத்தையை வீட்டுக்குக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது.

"அவரு எடைய ஏங்கிட்டக் கேளு புள்ள. எங்க கட்டிலுக்கும் எனக்கும்தான் அது தெரியும்."

அப்படித்தான் அத்தை மாமாவின் இடத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு பை அரிசியை வைத்தேன். போதாது என்றார். இன்னொரு பையை வைத்தேன். கண்ணை மூடி மனதுக்குள் அளந்துவிட்டு, "கல்யாண நேரத்துல பலகாரமெல்லாம் திம்பாரு, இன்னுங் கொஞ்சம் போடு" என்றார். பருப்புப் பை ஒன்றும் மேலே ஏறியது. நடுவில் தங்கை அவளாகவே உட்கார்ந்தாள். அத்தையின் இடத்துக்குப் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்காவைக் கூப்பிட்டோம். எதற்கென்று சரியாக விளங்காமலே அவர் குடையோடு வந்து ஏறிக்கொண்டு, "யமு யமு" என்று, போவோம் போவோமென்று அவசரப்படுத்தினார். எங்கேயோ ஊர் சுற்றக் கூட்டிப்போகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும். முன்சீட்டில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் அண்ணனை அரிசிப் பையாக்கியது அவருக்குப் பிடிக்கவில்லை.

தண்டவாளம் ரோட்டைக் கடக்கிற ரயில் கடவைவரை போய்த் திரும்பினோம். கார் நன்றாகக் கத்தியது. ஒவ்வொரு முறையும் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள், அத்தை அரிசியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார், சிங்கள அக்கா என்னைத் தங்கையாக்கி, "ஐயோ நங்கி, மெதுவா" என்றார். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தேன். உள்பக்கச் சுண்ணாம்பு அப்படியே இருந்தது. வெளி விளிம்பிலும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் மட்டும் கறுப்பாக அழிந்திருந்தது. டயரின் வெளித்தோள் மேலே வரும்போது விளிம்பில் மாட்டுகிறது. அகலமும் அதிகம், உயரமும் அதிகம்.

இங்கேதான் டயரில் எழுதியிருக்கிற எண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொடுத்தால் கொட்டாவி விடுவார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். என் டயரில் இருநூற்றைந்து, ஐம்பது, பதினைந்து என்று போட்டிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். கடைசி எண் ரிம்மின் அளவு, அங்குலத்தில். நடுவில் இருக்கிற ஐம்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. அது டயரின் பக்கச் சுவர் எவ்வளவு உயரம் என்பதைச் சொல்கிறது, ஆனால் மில்லிமீற்றரில் சொல்லவில்லை. அகலத்தில் நூற்றுக்கு ஐம்பது என்று சொல்கிறது. ஆகவே அகலம் கூடினால், நடு எண் மாறாவிட்டாலும் உயரமும் சேர்ந்து கூடும். நான் டயர் வாங்கியபோது கொஞ்சம் அகலமாக இருந்தால் பார்வையாக இருக்குமே என்று இருநூற்றைந்தை எடுத்தேன். உயரம் மாறாது என்று நினைத்துக்கொண்டேன், ஐம்பது ஐம்பதுதானே.

மாத்தளை டவுனில் நான் வழக்கமாகப் போகிற டயர் கடைக்காரரும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் முஸ்லிம், நான் அவரை அண்ணன் முறையில் நானா என்பேன், அவருக்கு நான் தங்கச்சி. நூற்றுத் தொண்ணூற்றைந்து, ஐம்பது, பதினைந்து வேண்டும் என்று போய் நின்றேன்.

"அதே அம்பதுதானே தங்கச்சி? ஒசரத்துல என்ன வித்தியாசம் ஈக்கி?"

"இருக்கு நானா. இருநூத்தஞ்சுல பாதி நூத்திரண்டரை. நூத்தித் தொண்ணூத்தஞ்சுல பாதி தொண்ணூத்தேழரை. மேல அஞ்சு மில்லிமீற்றர் மிச்சம். அகலத்துல ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு மிச்சம்."

"அஞ்சு மில்லிமீற்றருக்கா நல்ல டயரக் கழட்டுறீங்க?"

"எங்க மாமாவ நீங்க பார்த்ததில்லையா நானா?"

நானா மாமாவின் கடையில் சாப்பிடுகிறவர்தான். அப்படியென்றால் நாற்பத்தைந்தையே போட்டுவிடுங்கள், இன்னும் இடம் கிடைக்கும் என்றார். அவர் கடையில் அந்த அளவு ஒரு சோடி நீண்ட நாளாகத் தூசி படிந்து தொங்குவது எனக்குத் தெரியும். அதில் சிக்கல்கள் இருந்தன. சக்கரம் மொத்தமாகச் சின்னதாகிவிட்டால் வேகம் காட்டுகிற முள் பொய் சொல்லும், ஏற்கெனவே தாழ்ந்திருக்கிற என் கார் இன்னும் தாழ்ந்து வயிறு தட்டும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு டயரிலும் அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு ஓர் எண் போட்டிருக்கிறது. நாற்பத்தைந்தில் அந்த எண் குறைவு. தங்கையையும் மாமாவையும் அதன்மேல் ஏற்ற நான் தயாராயில்லை. ஐம்பதுதான் சரி. கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த டயரை அளந்து பார்த்தால், மொத்த உயரம் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஜப்பான்காரன் யோசிக்காமலா போட்டிருப்பான்?

புது டயர் பூட்டி, மறுபடியும் சுண்ணாம்பு பூசி, மறுபடியும் அத்தை, அரிசி, பருப்பு, சிங்கள அக்கா என்று எல்லோரையும் ஏற்றினேன். இந்த முறை சிங்கள அக்கா பொரித்த கடலை கொண்டுவந்திருந்தார். வளைவுகளில் சத்தமே இல்லை. எனக்கு வாயெல்லாம் பல். ரயில் கடவையில் தண்டவாளத்தின்மேல் ஏறி இறங்கும்போது மட்டும் 'கர்' என்று சின்னதாக ஒன்று கேட்டது. ஒரே ஒன்று. ஆனால் மாமா சொன்னதும் ஒருவாட்டிதான்.

மட்காட்டின் விளிம்பில் தகரம் உள்பக்கமாக ஒரு விரல் அகலத்துக்கு மடிந்து நிற்கும். அதை மேலே மடக்கிவிட்டால் அந்த இடமும் டயருக்குக் கிடைக்கும். அதற்கென்று கருவி இருக்கிறது, கொழும்பில் இருக்கும். எங்கள் வீட்டில் அம்மாவின் உலக்கைதான் இருந்தது. உலக்கையில் பழைய சேலையைச் சுற்றி, டயருக்கும் விளிம்புக்கும் நடுவில் செருகி, தகரத்தில் சுடுதண்ணீர்த் துணியைப் போட்டுச் சூடாக்கி, காரை முன்னும் பின்னுமாக மெதுவாகத் தள்ளச் சொன்னேன். அத்தை ஒரு பக்கம், சிங்கள அக்கா ஒரு பக்கம் தள்ளினார்கள். உலக்கை உருள உருளத் தகரம் பணிந்து மேலே ஒட்டிக்கொண்டது. ஓரிடத்தில் பெயின்ட் வெடித்தது, அதைப் பார்த்து நான் கத்தியதில் காகங்கள் பறந்தன. அம்மா வாசலில் நின்றுகொண்டு, இனி அந்த உலக்கையால் ஒரு பிடி மாவுகூட இடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

அதன் பிறகு கடவையிலும் சத்தமில்லை. சுண்ணாம்பும் அழியவில்லை. வேலை முடிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. நான் பார்த்தது அத்தையையும் அரிசியையும்தானே தவிர மாமாவையல்ல. அத்தையின் கணக்கு தப்பியிருந்தால்? கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்கள் என்று மாமாவின் கடைக்கே போய்க் கேட்டேன். அவர் சோற்றுப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

"நான் என்னா அரிசி மூட்டையா?" என்றார்.

அத்தை வாயை அடக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"மாமா, அது வந்து..."

"கல்யாணத்தன்னிக்கு ஏறுவேன். அன்னிக்குக் கேட்டுப்பேன், அழுவுதா சிரிக்குதான்னு. போ புள்ள, வேலையிருக்கு."

கல்யாண நாள் காலையில் காரைக் கழுவி, பூமாலை கட்டி, நான்கு சக்கரத்தின் கீழும் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வைத்தோம். முற்றத்தில் எனக்குப் பின்னால் மாமா பேசிய வேனும் வந்து நின்றது. வெள்ளை வேன், அதற்கும் பூமாலை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். என் தங்கைக்காகக் காத்திருக்கிற பொறி மாதிரி நின்றது. தங்கை கூறையும் நகையுமாக வெளியே வந்தாள். நான் அழாமலிருக்க டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என் காதுக்குள், "அக்கா, கடவையில மெதுவா" என்றாள்.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டையில் மாமா வந்தார். தங்கையை உள்ளே ஏற்றிவிட்டு அவளுக்கு இடது பக்கம் அவர் ஏறினார். கார் மூச்சை விடுவதுபோலத் தாழ்ந்தது. வலது பக்கம் ஏறவந்த அத்தை என்னைப் பார்த்து, "மூணு நாளா அதிரசம்" என்று முணுமுணுத்தார். நான் பின்சக்கரத்தை இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன்.

தேசிக்காய்கள் நசுங்கின. புறப்பட்டோம். பக்கத்தில் அம்மா கும்பிட்டுக்கொண்டே வந்தார். கார் ஓட்டப் பழகுகிறவர்கள் முதல் நாள் எப்படி ஸ்டியரிங்கைப் பிடிப்பார்களோ அப்படி நான் பிடித்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தால் மாமா இரண்டு கையையும் மேலே தூக்கிக் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்திருந்தார். முகம் சிவந்திருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. கண்ணை மூடியிருந்தார். சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் கோபம் பொங்கியது. ஒரு சின்னச் சத்தத்துக்காக இப்படியா காத்திருப்பார் ஒரு மனிதர்? தூக்கி வளர்த்த பிள்ளையின் கல்யாணத்தில்? மனதுக்குள் அவரோடு ஒரு முழுச் சண்டையும் போட்டு முடித்தேன்.

வளைவுகளில் சத்தமில்லை. பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த மேட்டில் சத்தமில்லை. கடவை வந்தது. வேகத்தைக் குறைத்து, ஒரு சக்கரத்துக்குப் பின் ஒரு சக்கரமாக ஏறும்படி காரைச் சாய்வாகத் திருப்பி, மெதுவாக ஏற்றினேன். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. மாமாவின் பக்கமும் இறங்கியது. ஒன்றுமே கேட்கவில்லை. பின்னால் வந்த வேன்தான் தண்டவாளத்தில் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது.

டவுன் கோவில் வாசலில் மேளம் கேட்டது. காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து மாமாவின் கதவைத் திறந்தேன். ஜெயித்துவிட்ட திமிர் என் முகத்தில் நிச்சயம் இருந்திருக்கும். மாமா கஷ்டப்பட்டு இறங்கினார். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கை இன்னும் மடங்கியபடியே இருந்தது. அந்தக் கைக்குள் என் காரின் கைப்பிடி, இரண்டு திருகாணியோடு, கழன்று வந்திருந்தது. யாரும் பார்க்காமல் அதை என் கையில் திணித்தார்.

"சத்தம் வந்துச்சா புள்ள?"

"வரல மாமா."

"எப்படி வரும்? ஏறுனதுலருந்து நான் சீட்டுல குந்தவே இல்ல. இதப் புடிச்சு ஒடம்பத் தூக்கிக்கிட்டே வந்தேன். என் பாரம் உன் டயருல எறங்கவே விடல."

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். தவறு கண்ட இடத்தில் சொல்லாமல் விட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. காரின் கூரையைப் பிடித்துத் தொங்கினாலும், காரின் சீட்டில் உட்கார்ந்தாலும், அந்த மனிதரின் பாரம் முழுவதும் அதே காரில்தான், அதே டயரில்தான் இறங்கும். அவர் தூக்கியதில் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. தாங்கியது நான் தேடி எடுத்த டயர், உலக்கையால் நான் மடக்கிய தகரம், அத்தை மடியில் வைத்த அரிசி. இதெல்லாம் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவர் கைகளைப் பார்த்தேன். விரல்களை நீட்ட முடியாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. வேன் பேசிய அந்த மனிதர், அந்த வேன் தேவைப்படக் கூடாதென்று உக்குவளையிலிருந்து கோவில்வரை தன் உடம்பைத் தானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கும் அவள் இந்தக் காரில்தான் வர வேண்டுமென்று இருந்திருக்கிறது. நான் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டு வந்தேன். அதுவரை டயரைப் பார்த்து அடக்கிவைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது.

"நீங்க இல்லாட்டி நிச்சயமா உரசியிருக்கும் மாமா" என்றேன்.

"அதானே" என்றார். பிறகு குனிந்து, அதே கையை நீட்டித் தங்கையை இறக்கினார்.

தாலி கட்டும்போது மாமாவால் கையை உயர்த்த முடியவில்லை. அவர் எறிந்த அட்சதை முழுவதும் முன்னால் நின்ற நாதஸ்வரக்காரரின் தலையில் விழுந்தது. வேன் சாரதி தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று விளங்காமல் இரண்டு முறை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மாமாவின் கடையில் இப்போதும் அந்தக் கதை நடக்கிறது. அன்றைக்குத் தான் மட்டும் தூக்கிப் பிடிக்காவிட்டால் வண்டி வழியெல்லாம் அழுதிருக்கும் என்று, சோறு போடுகிறபோதே சொல்லிவிடுவார். டயர் கடை நானா அங்கே சாப்பிடப் போனவர் அதைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, அப்ப என்ட டயர்?"

"நானா, நீங்க வாய மூடிக்கிட்டு டயர் விக்கிற வேலையப் பாருங்க" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், ஆனால் இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

தங்கை ரத்தோட்டையில் இருக்கிறாள். மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி அவளைப் பார்க்கப் போகிறேன். கழன்ற கைப்பிடிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வாங்கி, தடித்த போல்ட் போட்டு இறுக்கி வைத்திருக்கிறேன். மாமா ஏறியதும் முதல் வேலையாக இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வார், பல்லைக் கடிப்பார், கண்ணை மூடுவார். கார் கத்துவதில்லை. எத்தனை பேர் ஏறினாலும் கத்தாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் கை வலிக்கக் கூடாதென்று, வளைவுகளில் நான் மெதுவாகத்தான் போகிறேன்.